மானியம் மறுத்தால் காரணம் கேளுங்கள்

இலக்கிய விழாவுக்கு மானியம் கேட்டு, அது கிடைக்காமல் போனால், 'டெல்லியில் நமக்கு ஆள் இல்லை' என்று சொல்லிக் கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறோம். சிபாரிசுக்கு இடமே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால், நிபுணர் குழு இலக்கியத் தரத்தை எடைபோடுவதற்கு முன்பே விண்ணப்பம் கணக்கில் சறுக்கிவிடலாம். விழா, கருத்தரங்கு, பயிலரங்கு ஆகியவற்றுக்கு மத்திய கலாசார அமைச்சகம் தரும் மானியத்தையே எடுத்துக்கொள்வோம். அமைப்பு பதிவாகி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். மானியம் பொதுவாக 5 லட்சம் ரூபாய்க்குள், அதுவும் மொத்தச் செலவில் 75 சதவீதம் வரைதான். 4 லட்ச ரூபாய் விழாவுக்கு முழு மானியமே கிடைத்தாலும் 3 லட்சம். அதில் முதல் தவணை 75 சதவீதம், அதாவது 2.25 லட்சம். மீதி 75,000 ரூபாய், விழா முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகே வரும். ஆக, சங்கம் தன் கையிலிருந்து 1.75 லட்சம் புரட்டியாக வேண்டும். 'இதர செலவுகள் 80,000' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால், அந்தத் தொகையைப் புரட்ட முடியும் என்ற நம்பிக்கை எந்தக் குழுவுக்கும் வராது. மண்டப வாடகை, ஒலிபெருக்கி, விருந்தினரின் ரயில் கட்டணம் என்று பிரித்துக் காட்டத்தான் வேண்டும். கைப்பணம் புரட்டச் சொல்லும் இந்த விதி பெயரெடுத்த பெரிய அமைப்புகளுக்குச் சாதகம், சின்ன ஊர் வாசகர் வட்டத்துக்குப் பாரபட்சம் என்பது நியாயமான குறைதான். விதியை மாற்றச் சொல்லிப் போராடலாம். அதுவரை விதி இதுதான்.

நாம் விட்டுக்கொடுக்கக் கூடாத உரிமை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 4(1)(ஈ), நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணத்தை அரசு அமைப்பு தெரிவிக்க வேண்டும் என்கிறது. ரசனையைச் சட்டத்தால் அளக்கலாமா, இப்படிக் கேட்டால் நிபுணர்கள் கருத்துச் சொல்லவே தயங்க மாட்டார்களா என்று கேட்பார்கள். நாம் கேட்பது ரசனைக்கு விளக்கமல்ல. பொதுப் பணத்தைப் பங்கிட்ட முடிவின் காரணத்தை. வெளியிடக் கூடாத பகுதி இருந்தால் அதை மட்டும் விலக்கிவிட்டு மீதியைத் தர பிரிவு 10 வழிசெய்கிறது.

ஆனால், தகவல் உரிமை விண்ணப்பத்தில் 'ஏன் தரவில்லை?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பதிவில் இல்லாத விளக்கத்தை எழுதித் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 'எங்கள் விண்ணப்பம் குறித்த குழுக் கூட்டக் குறிப்பின் நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். மத்திய அரசு அலுவலகமானால் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இதனால் மறுத்த மானியம் திரும்பி வந்துவிடாது. ஆனால் எந்த வரியில் சறுக்கினோம் என்பது தெரியும். மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்டு வருகிறவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன், அந்தப் பத்து ரூபாயைச் செலவழித்துப் பாருங்கள்.