வானத்தில் இருந்து வந்த பாட்டுத் திருடர்கள்!

சந்திரனில் மனிதன் கால் வைத்தது 1969-ல். அதற்கு 6 ஆண்டு முன்பே, வேற்றுக் கிரகவாசிகளைத் தமிழ்ப் படம் காட்டிவிட்டது! அதுதான் 1963-ல் வந்த "கலை அரசி". எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. டைரக்‌ஷன் ஏ.காசிலிங்கம்.

கிரகவாசிகள் விஞ்ஞானத்தில் சூரர்கள். ஆனால், பாடத் தெரியாது! ஆகவே, பாட்டுக்காரி பானுமதியைத் தூக்கிச் செல்கிறார்கள். எம்.ஜி.ஆர். அங்கேயே போய் மீட்கிறார்.

பேரன் சிரித்தான்

புதுவை மூலக்குளத்தில் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து, டி.வி.டி. தட்டில் இதைப் பார்த்தோம். தந்திரக் காட்சிகளைக் கண்டு பேரன் சிரித்தான். "அப்போது கம்ப்யூட்டர் கிடையாதடா!" என்றார் தாத்தா. பானுமதி பாடியதும் பேரன் வாய் மூடிக் கேட்டான். கதை கொஞ்சம் நீளம்தான். ஆனாலும், விஞ்ஞானம் இருந்தால் மட்டும் போதாது, கலையும் வேண்டும் என்ற கருத்து இன்றும் பொருந்தும்.

பத்திரம்!

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்" (1931). இன்று அதன் பிரதி கிடைக்கவில்லை. படச்சுருள் நாளடைவில் நைந்துவிடும். பழைய படத்தட்டு உங்கள் வீட்டில் இருக்கிறதா? தூக்கி எறியாதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். வெயில் படாமல், உறையில் போட்டு வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள்!