பொட்டலம் கட்டும் முன் ஒரு கேள்வி



அண்மையில் ஓர் அம்மா நீட்டிய சீட்டில் சுக்கு, ஓமம், பெருங்காயம், திப்பிலி என்று பேறுகாலச் சாமான்களோடு கசகசா கால் கிலோவும் இருந்தது.

"யாருக்குத் தாயி?" என்றேன்.

"சிங்கப்பூர்ல மகளுக்கு அண்ணாச்சி. அடுத்த வாரம் கிளம்புறேன்."

கசகசாவை மட்டும் அடித்துவிட்டேன்.

"ஏன், சரக்கு இல்லையா?"

"இருக்கு தாயி. அங்கே கொண்டுபோனா போதைப்பொருள் கணக்குல வச்சுருவாங்க."

அவர் நம்பவில்லை. நம்மில் பலரும் நம்பமாட்டோம். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கும் சாமான். ஆனால் அது அபினிச் செடியின் விதை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மத்திய அரசின் உரிமம் பெற்றவர்களே அதைப் பயிரிடலாம். செடிக்குக் கட்டுப்பாடு வைத்த 1985ஆம் ஆண்டுச் சட்டம் விதையை விட்டுவைத்தது. அதனால் நாம் விற்கிறோம். சிங்கப்பூர், துபாய், சவூதி அரேபியா ஆகிய இடங்களில் விதைக்கும் தடை. அபினிப் பாலின் சுவடு அதில் ஒட்டியிருக்கலாம் என்பதே காரணம்.

ஆஸ்திரேலியாவின் கவலை வேறு. வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் தங்கள் வயலுக்கு வந்துவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். உணவுப்பொருள் இருப்பதை முதலிலேயே எழுதிக் காட்டினால் அபராதம் இல்லை. ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம்.

2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநில எல்லை வரிச் சாவடிகளில் பேசிச் சமாளித்துப் பழகியவர்கள் நாம். 'கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்' என்ற அந்த வழக்கம் அங்கே செல்லாது.

ஆகவே கடைக்காரர்கள் மூன்று காரியம் செய்யலாம். மொத்தமாக மசாலாச் சாமான் வாங்குவோரிடம் எந்த ஊருக்கு என்று கேளுங்கள். நீங்கள் அரைத்து விற்கும் குருமாப் பொடி, கறிமசாலாவில் கசகசா இருந்தால் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். அடுத்த வீட்டார் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பெட்டி யாருடையதோ, பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

கால் கிலோ வியாபாரம் போனால் மறுநாள் வரும். நம் பொட்டலத்தால் ஒரு தாய் விமான நிலையத்தில் கைகட்டி நின்றால் அந்தப் பழி போகாது.

அந்த அம்மா கசகசாவுக்குப் பதில் முந்திரி வாங்கிப் போனார்.