இருண்டுபோகும் மீட்டரும் உரிமையாளரின் உரிமையும்

மோட்டார் சைக்கிளின் மீட்டரை, பெட்ரோல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்கான ஒரு வசதியாக மாத்திரம் கருதி, அது பழுதுபட்ட பின்னும் வண்டிதான் ஓடுகிறதே என்ற திருப்தியில் மாதக்கணக்காகப் பிரயாணம் செய்கிறவர்கள் நம்மிடையே அநேகர். ஆனால் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி, ஓட்டுகிறவர் தம் வேகத்தை அறிந்துகொள்ளும் வண்ணம் வண்டியில் ஸ்பீடாமீட்டர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

அது காட்டும் வேகம் எவ்வளவு மெய்யாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐக்கிய நாடுகளின் 39-ஆவது வாகன ஒழுங்குமுறை ஓர் உத்தமமான அளவுகோலை வகுத்திருக்கிறது. உண்மையான வேகத்துக்குக் குறைவாக மீட்டர் ஒருபோதும் காட்டலாகாது. கூடுதலாகக் காட்டினாலும், வண்டி மெய்யாக 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது 70-ஐத் தாண்டலாகாது. வேகத்தைக் குறைத்துக் காட்டும் மீட்டர் ஓட்டுகிறவரைத் தவறான தைரியத்தில் ஆழ்த்துமாதலால், இந்த ஒருபக்கக் கண்டிப்பு மிகவும் நியாயமானதே. டயரின் அளவை மாற்றியவர்கள் தங்கள் மீட்டரை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.

வேகத்தைக் காட்டிலும் நான் அதிகம் கவலைப்படுவது எச்சரிக்கை விளக்குகளைப் பற்றித்தான். 2019 ஏப்ரல் 1 முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எரியும் அதன் மஞ்சள் விளக்கு, வண்டி சிறிது தூரம் உருண்டதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால், சாதாரண பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று பொருள். பழைய வண்டிகளில் கேபிள் அறுந்தால் முள் மாத்திரம் நின்றுபோகும். இண்டிகேட்டர் விளக்கும் ஹைபீம் விளக்கும் தனித்தனி பல்புகளாகையால் எரிந்துகொண்டிருக்கும். இன்றோ அனைத்தையும் ஒரே மின்னணுப் பலகையில் அடக்கிவிட்டபடியால், மழைநீர் புகுந்தோ மென்பொருள் தடுமாறியோ அது இருண்டுபோகும்போது, வேகத்தோடு அந்த எச்சரிக்கைகளும் கூடவே மறைந்துபோகக்கூடும். இரவில் நெடுஞ்சாலையில் இது நேர்ந்தால் விளையும் அபாயம் சாமான்யமானதன்று.

ஆகையால் சர்வீஸ் நிலையத்தில் ஜாப் கார்டு எழுதும்போது, “மீட்டர் செக்” என்ற இரண்டே வார்த்தைகளோடு விடாமல், “ஓடும்போது திரை அணைந்து மறுபடி எரிகிறது” என்று குறையை உள்ளபடியே எழுதச் சொல்லி, பிரதி ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே போனதும் இக்குறை மாயமாகிவிடுவது வழக்கமாதலால், நேர்ந்த சமயத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பதே சிறந்த ஆதாரம். புதிய மீட்டர் மாற்றினால், பழைய மீட்டர் காட்டிய கிலோமீட்டரை ரசீதில் குறிக்கச் செய்வதும் அவசியம். இல்லாவிடில் பின்னாளில் வண்டியை விற்கும்போது உங்கள் நாணயமே சந்தேகத்துக்கு உள்ளாகும். வெளியில் கிடைக்கும் கவர்ச்சியான மீட்டரை வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களும் ஒன்றை அறிய வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டம் அனுமதியாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அதன் 182ஏ பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஒரே மாதிரி வண்டிகள் பலவற்றில் மீட்டர் இருண்டுபோகும் குறை தோன்றினால், அதே சட்டத்தின் 110ஏ பிரிவின்படி அவற்றைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் அமலிலுள்ள விதிகள், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளின் குறைகளை, மென்பொருள் குறை உட்பட, இந்த வரம்புக்குள் கொண்டுவந்திருக்கின்றன. தனிமனிதருக்கோ நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.