காடு கழனியானால் மண் என்னாகும்?

“உன் தாத்தா காலத்தில் இந்த நிலம் உரமே கேட்டதில்லை. இன்று மூட்டை மூட்டையாய்க் கொட்டியும் பழைய விளைச்சல் இல்லையே, ஏன்?” சென்ற விடுமுறையில் என் தந்தையார் கேட்ட கேள்வி இது. மேல் மூலையில் எஞ்சியிருக்கும் மரங்களையும் அகற்றிவிட்டு, இன்னும் கால் ஏக்கர் சேர்த்துக்கொள்ளலாமா என்பது அவருடைய எண்ணம். புவியியல் படிக்கும் என்னிடம் உடனே விடையில்லை. அதைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

உதகைக்கு அருகே, ஒரு காலத்தில் சோலைக்காடாய் இருந்த மலைச்சரிவே எங்கள் நிலம். 1819-இல் நீலகிரிக்கு வந்த கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கு இங்கே அறிமுகமாயிற்று. பின்னர்க் கிழங்குக்கும் தேயிலைக்குமாகச் சோலைகளும் புல்வெளிகளும் சிறுகச் சிறுக மறைந்தன.

காட்டின் வளம் ஓயாது சுழல்வது. உதிர்ந்த இலை மக்குகிறது. அச்சத்தை வேர் உறிஞ்சுகிறது. மீண்டும் அது இலையாகி உதிர்கிறது. காட்டை வெட்டி எரித்ததும் சாம்பலும், நெடுங்காலம் சேர்ந்த மக்கும் பயிருக்கு ஒருசேரக் கிடைக்கின்றன. தாத்தா கண்ட அமோக விளைச்சல் அதனால் வந்ததே. ஆனால் அவர் எடுத்தது வட்டியையன்று, முதலையே!

கிழங்கோடு சத்தும் சந்தைக்குப் போய்விடுகிறது. உழுது கிளறிய மண்ணில் வெயிலும் காற்றும் பட்டு மக்கு விரைவில் தீர்கிறது. நீலகிரி மண் இயல்பாகவே புளிப்புத் தன்மை உடையது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் நாம் இடும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மக்கு குறையக் குறைய அப்பிடி இறுகுகிறது. உரத்தின் ஒரு பகுதி பயிருக்கு எட்டாமற்போவது இதனால்தான்.

சோலை மண்கட்டி ஒன்றையும் வயல் மண்கட்டி ஒன்றையும் உலர்த்தி, இரண்டு கண்ணாடிக் குவளை நீரில் இட்டுப் பார்த்தேன். சோலைக் கட்டி உருக்குலையாமல் நின்றது. வயல் கட்டியோ சில நிமிடங்களில் கரைந்து சேறாயிற்று. மண்துகள்களைப் பிணைக்கும் பசை மக்கே. அது போனபின், இலைக் குடையும் சருகு விரிப்பும் இல்லாத சரிவில் மழைத்துளி நேரே மண்ணை அறைகிறது. ஓர் ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் அரிக்கப்பட்டால் ஏறத்தாழ 5 டன் இழப்பாகும். அம்மண் கீழே உள்ள நீர்த்தேக்கங்களில் வண்டலாய்ப் படிகிறது. குந்தா அணை அதற்குச் சான்று.

அதற்காக விவசாயத்தைக் கைவிட முடியுமா? எங்கள் குடும்பம் உண்பதும் நான் படிப்பதும் அந்நிலத்தால்தான். சரிவை மறித்துப் படிக்கட்டு வயல் அமைத்தல், சமமட்ட வரப்பு போடுதல், தொழுவுரம் இடுதல், பசுந்தாள் மடக்கி உழுதல் ஆகியவை மண்ணைக் காக்கும் வழிகள்.

இரண்டு குவளைகளையும் தந்தையாரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் இப்பருவத்தில், மேலிருந்து கீழாக ஓடிய கிழங்குப் பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே திரும்பியுள்ளன. மேல் மூலை மரங்கள் அப்படியே நிற்கின்றன. வரும் மழையில் எங்கள் ஓடை நீர் என்ன நிறத்தில் ஓடுகிறதென்று பார்க்க இருவரும் காத்திருக்கிறோம்.