ஊர்ச் சுகாதாரத் துறையும் கொள்ளைநோயும்

ஓர் ஊரிற் கொள்ளைநோய் தோன்றுமாயின் அதனை முதலில் எதிர்கொள்ள வேண்டியது அவ்வூர்ச் சுகாதாரத் துறையே. வெளியுதவி வந்து சேருமுன் பல நாட்கள் கழிந்துவிடும். 1947-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிற் பெரியம்மை புகுந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில், மெக்சிகோவிலிருந்து பேருந்தில் வந்த வணிகர் ஒருவர் காய்ச்சலும் கொப்புளமும் கண்டு மருத்துவமனையிற் சேர்ந்து, சில நாட்களில் இறந்தார். நோய் இன்னதென்று மருத்துவர்க்கு விளங்கவில்லை. அந்நகரிற் பெரியம்மை நெடுநாளாகத் தலைகாட்டாமையால், அதனைக் கண்ணாற் கண்ட மருத்துவரே அரியராய்விட்டனர். மருத்துவமனையில் வேறு சிலர்க்கும் தொற்றிய பின்னர், ஏப்ரல் தொடக்கத்திலேதான் உண்மை வெளிப்பட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் வீணாயிற்று!

பின்னர்த் துறை விரைந்து செயற்பட்டது. சுகாதார ஆணையர் இசுரேல் வைன்ஸ்டைன் எதனையும் மறைக்காமல், வானொலி வாயிலாக மக்களிடம் நேரே பேசினார். இறந்தவரோடு பேருந்தில் வந்தோரையும் விடுதியில் தங்கியோரையும் அதிகாரிகள் தேடலாயினர். இத்தேடலுக்குக் காரணம் உண்டு. பெரியம்மைக் கிருமி உடலிற் புகுந்து நோயாக வெளிப்பட ஏறத்தாழ 12 நாட்கள் ஆகும். தொற்றிய மூன்று நான்கு நாட்களுக்குள் அம்மை குத்தினால் நோய் பெரும்பாலும் தடைப்படும், அல்லது தணியும். ஆதலின், பெயரும் முகவரியும் எழுதிய பதிவேடு மருந்துக்கு நிகரான கருவியாயிற்று.

மருத்துவமனை, பள்ளி, காவல் நிலையம் எங்கும் இலவசமாக அம்மை குத்தப்பட்டது. அம்மைப்பால் கையிருப்புப் போதாமையால், படைத்துறையிடமும் மருந்துத் தொழிலகங்களிடமும் பெற வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்குள் 60 இலட்சம் பேருக்குமேல் குத்திக்கொண்டனர் என்பது துறையின் கணக்கு. நோயுற்றோர் 12 பேர், இறந்தோர் இருவர்.

அத்தனை பேருக்கும் குத்தியது வேண்டுவதுதானா என்று கேட்கலாம். அம்மை குத்தியதன் விளைவாகவும் சிலர் உயிரிழந்தனர். நோயாளியைச் சூழ்ந்திருப்போரைக் கண்டறிந்து அவர்க்குக் குத்தும் முறையே பிற்காலத்திற் பெரியம்மையை ஒழிக்கப் பெரிதும் துணைநின்றது. 1980-இல் அந்நோய் உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எனினும், நியூயார்க்கில் நேர்ந்த பெருங்குறை மருந்துக் குறையன்று. நோயை இனங்காணாக் குறையே என்பது என் கருத்து.

அந்நகரத் துறை இதற்கென ஒத்திகை நடத்தியுள்ளது. 2015 டிசம்பர் முதல் 2016 மே வரை, தொற்றுநோயாளிபோல் நடிப்போரை முன்னறிவிப்பின்றி 49 மருத்துவமனைகளுக்கு அனுப்பி, 95 முறை சோதித்தனர். நூற்றுக்கு 78 முறை, வந்தவருக்கு முகமூடி அணிவித்துத் தனியறையில் வைத்தனர். எஞ்சிய 22 முறை அவ்வாறு நிகழவில்லை.