கொல்லிமலையில் இல்லாத கடல் உயிரினம், காரையில் எப்படி வந்தது?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும்போது, சாலையோரம் கருஞ்சாம்பல் நிறப் பாறைகள் தெரியும். இவற்றில் பெரும்பாலானவை சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தவை. வயது, சுமார் 250 கோடி ஆண்டுகள்! பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை என்பதால், இதை எங்கே உடைத்தாலும் ஒரு சிப்பிகூட கிடைக்காது.

மலையிலிருந்து இறங்கி, துறையூர் தாண்டிக் கிழக்கே போனால் காட்சி மாறிவிடும். பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்த களிமண் மேடுகள். நடுநடுவே மின்னும் ஜிப்சத் தகடுகள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட், தோட்டா போன்ற பெலம்னைட் என்று புதைபடிவங்கள். இரண்டுமே கடலில் வாழ்ந்தவை, கணவாய்க்கு உறவுக்காரர்கள். இன்றைய கடற்கரையோ காரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது!

கண்டம் பிளந்த கதை

இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக இருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது இந்தப் பக்கம் பிளந்து விலகியது. பிளவின் ஓரத்தில் நிலம் இறங்கிப் பள்ளமானது. அதுதான் காவிரிப் படுகை. கடல் உள்ளே புகுந்தது. மேற்கே இருந்த மேட்டு நிலத்திலிருந்து ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. அவை அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகின. கொல்லிமலைப் பாறை, பிளவுக்கு முன்பே இருந்த பழைய தரை. காரை, அந்தப் பிளவை நிரப்பிய கடலின் அடித்தரை.

வரைபடம் போட்டவர்

1851-ல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு, இந்தப் பகுதியை நேரில் ஆராய்ந்து பாறை அடுக்குகளைப் பிரித்தார். 1862-ல் வெளியான அவரது அறிக்கை சொல்லும் மூன்று தொகுதிகள்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருப்பதால், கிழக்கே போகப் போக பாறையின் வயது குறையும். காரை களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகள் பழையது. அரியலூரின் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஏறக்குறைய 7 கோடி. பிளான்ஃபோர்டுதான் பிற்பாடு, 1875-ல், இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார்.

அடுக்குகளைப் பிரித்தறியப் பெரிதும் உதவியவை புதைபடிவங்கள். அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே இருந்தது. அதனால் எந்த அடுக்கில் எந்த அம்மோனைட் கிடைக்கிறது என்று பார்த்தாலே அந்த அடுக்கின் வயது தெரிந்துவிடும். அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல்லும், நரிமணத்தில் எடுக்கப்படும் எண்ணெயும் இதே படுகை தந்தவைதான். எங்கே தோண்டுவது என்று முடிவெடுக்க, அடுக்குகளின் வயதும் வரிசையும் தெரிந்தாக வேண்டும்.

பாக்கெட்டில் போடலாமா?

கூடாது. இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் அம்மோனைட் வெறும் அழகுக் கல்தான். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், அதை வைத்து அடுக்கின் வயதைச் சொல்ல முடியாது. கண்ணாடி அலமாரியில் வைத்தாலும் இழந்த தகவல் திரும்பாது. காரைக்குப் போகிறவர்கள் மொபைலில் படம் எடுக்கலாம். அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயத்தை வைக்கலாம். கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அடுத்து வரும் மாணவருக்கு அது தேவைப்படும்.