கரட்டுப்பாதை விசையுந்துகளின் எடை

கரட்டுப்பாதை விசையுந்து என்பது மண், கல், மணல், சேறு ஆகியவை நிறைந்த, தார் இடப்படாத பாதைகளில் ஓட்டுவதற்காக வடிவமைக்கப்படும் மோட்டார் சைக்கிள் ஆகும். இவ்வகை வண்டிகளின் எடை ஏறத்தாழ 70 கிலோகிராமில் தொடங்கி 260 கிலோகிராமையும் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குப் பொருளின் தரமோ உற்பத்தியாளரின் திறமையோ முதன்மைக் காரணம் அன்று. வண்டி எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும், எவ்வளவு சுமை தாங்க வேண்டும், எத்தனை காலம் பழுதின்றி உழைக்க வேண்டும், பொதுச்சாலையில் செல்வதற்குச் சட்டம் எவற்றைக் கோருகிறது என்பவையே அதன் எடையைத் தீர்மானிக்கின்றன.

எடையைக் குறிக்கும் முறைகள்

விசையுந்தின் எடை இரு வகையாகக் குறிக்கப்படுகிறது. எரிபொருளும் சில வேளைகளில் பிற நீர்மங்களும் இல்லாத நிலையில் உள்ள எடை உலர் எடை எனப்படும். பெட்ரோல், எண்ணெய், குளிர்விப்பு நீர்மம், மின்கலம் ஆகிய அனைத்தும் நிறைந்து, ஓட்டுவதற்கு ஆயத்தமாக நிற்கும் வண்டியின் எடை ஆயத்த எடை எனப்படும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 0.74 கிலோகிராம் ஆகும். எனவே 15 லிட்டர் கலன் நிரம்பினால் 11 கிலோகிராம் கூடும். ஒரு வண்டியின் உலர் எடையை மற்றொன்றின் ஆயத்த எடையுடன் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

வகைகள்

* தடைதாண்டு விசையுந்து: பாறைகளின் மீது மெதுவாக ஏறும் போட்டிகளுக்கானது. பெரும்பாலும் இருக்கையே இருப்பதில்லை. எடை ஏறத்தாழ 70 கிலோகிராம்.
* மோட்டோகிராஸ் விசையுந்து: மூடிய மண்தடப் பந்தயங்களுக்கானது. முகப்பு விளக்கு, கண்ணாடி, பின்னிருக்கை ஆகியவை இதில் இல்லை. ஹோண்டா சி.ஆர்.எஃப். 450 ஆர் வண்டியின் 2021 ஆம் ஆண்டு வடிவம் சுமார் 111 கிலோகிராம் ஆயத்த எடை கொண்டது.
* இருவழி விசையுந்து: சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டத்தக்கது. 2019 இல் இந்தியாவில் அறிமுகமான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இன் ஆயத்த எடை அப்போது 154 கிலோகிராம்.
* நெடும்பயண விசையுந்து: இருவருடனும் பெட்டிகளுடனும் பல நூறு கிலோமீட்டர் செல்வதற்கானது. பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். இன் ஆயத்த எடை 249 கிலோகிராம். அதன் 'அட்வென்ச்சர்' வடிவம் 268 கிலோகிராம்.

எடை வேறுபடுவதற்கான காரணங்கள்

தொலைவு

தொலைவின் விளைவை ஒரே கொள்ளளவு கொண்ட இரு வண்டிகளை ஒப்பிட்டு அறியலாம். கே.டி.எம். நிறுவனத்தின் 450 இ.எக்ஸ்.சி.-எஃப். வண்டி பெட்ரோல் இன்றிச் சுமார் 106 கிலோகிராம் எடை உடையது. அதே நிறுவனம் தக்கார் போன்ற பாலைவனப் பந்தயங்களுக்காகச் செய்த 450 ராலி ரெப்ளிகா, பெட்ரோல் இன்றிச் சுமார் 138 கிலோகிராம். பின்னதில் வழிகாட்டுக் கருவிகளைத் தாங்கும் கோபுரம், காற்றுத்தடுப்பு, பெரிய கலன்கள், வலுவான பின்சட்டகம் ஆகியவை உள்ளன. அதன் கலன்கள் 33 லிட்டர் பெட்ரோலை ஏற்கும். முன்னது ஒன்பது லிட்டருக்கும் குறைவாகவே ஏற்கும். இரண்டையும் நிரப்பினால் எடை வேறுபாடு ஏறத்தாழ 50 கிலோகிராம் ஆகிறது.

பொறியின் ஆயுள்

ஈரடிப் பொறியில் வால்வுகளும் அவற்றை இயக்கும் நெம்புருள் தண்டும் இல்லாததால் அது நாலடிப் பொறியைவிட எடை குறைந்தது. நாலடிப் பொறிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பந்தயப் பொறியின் உட்பாகங்கள் மெலிந்தவை, எண்ணெயும் குறைவு. அதன் பராமரிப்பு ஓடிய மணிநேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சில பத்து மணிநேர ஓட்டத்திற்குப் பின் உந்துதண்டையே மாற்ற நேரிடலாம். சாலைப் பொறியோ பல்லாயிரம் கிலோமீட்டர் திறக்கப்படாமல் உழைக்க வேண்டியது. தடித்த உட்பாகங்கள், அதிக எண்ணெய், பெரிய மின்னாக்கி ஆகியவை அதன் எடையைக் கூட்டுகின்றன.

சட்டகமும் விலையும்

அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆயினும் அதன் விறைப்பும் அதே அளவு குறைவு. எனவே அலுமினியச் சட்டகம் தடிமனாகச் செய்யப்பட வேண்டும், செலவும் கூடும். எஃகுச் சட்டகம் எடை மிகுந்தது எனினும் விலை குறைந்தது, சிறு ஊரின் பட்டறையிலும் பற்றவைக்கத் தக்கது. மலைப்பகுதியில் வண்டி வைத்திருப்போருக்கு இது சிறிய நன்மை அன்று.

சட்டத் தேவைகள்

பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு விளக்குகள், ஒலிப்பான், கண்ணாடி, எண்பலகை, ஒலியடக்கி, வினையூக்கி மாற்றி ஆகியவை தேவை. இந்தியாவில் 125 கன செ.மீ. கொள்ளளவுக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு 2019 ஏப்ரல் முதல் முழுமையாகக் கட்டாயம் ஆனது. பாரத் நிலை-6 மாசு விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு எடையே எனினும் சேர்ந்து பல கிலோகிராம் ஆகின்றன.

தமிழ்நாட்டில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016 இல் வெளிவந்த 411 கன செ.மீ. வண்டி, நிலை-6 வடிவில் 199 கிலோகிராம் ஆயத்த எடை கொண்டிருந்தது. 2023 நவம்பரில் வந்த 452 கன செ.மீ. வண்டி 196 கிலோகிராம். திறன் ஏறத்தாழ 24 குதிரைத்திறனில் இருந்து 40 ஆக உயர்ந்தும், கலன் 15 லிட்டரில் இருந்து 17 ஆகப் பெருகியும் எடை சற்றுக் குறைந்தது. புதிய வடிவமைப்பால் எடையைக் கட்டுப்படுத்த இயலும் என்பதை இது காட்டுகிறது. எனினும் நெடும்பயணம் என்ற நோக்கம் மாறாதவரை அது 110 கிலோகிராமுக்கு இறங்குவதில்லை.

மலைச்சரிவில் எடையின் விளைவு

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து ஒரு சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் போடிமெட்டுக்கு ஏறுகிறது. மற்றொன்று குரங்கணியை அடைகிறது. சரிவில் சுமை கடத்துவது இங்கு நெடுங்காலச் சிக்கல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனில் இருந்து குரங்கணிக்கு அருகில் உள்ள கோட்டக்குடிக்குக் கம்பிவடத்தில் தொங்கவிட்டே இறக்கப்பட்டது.

எடை மிகுந்த வண்டி ஏற்றத்தில் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் என்பது பொதுவான கருத்து. போடியில் இருந்து போடிமெட்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் கூடியது. கூடுதலாக உள்ள 40 கிலோகிராமை அவ்வுயரத்திற்கு ஏற்ற ஏறத்தாழ 390 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பொறியின் பயனுறுதிறன் 25 விழுக்காடு எனக் கொண்டால், இதற்குச் செலவாகும் பெட்ரோல் சுமார் 50 மில்லிலிட்டர் மட்டுமே. ஆகவே எடையின் உண்மையான விலை பெட்ரோலில் இல்லை.

அவ்விலையை ஓட்டுநரின் உடலே செலுத்துகிறது. 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 70 கிலோகிராம் வண்டியில் நின்றால், மொத்த எடையில் ஏறத்தாழப் பாதி அவருடையது. உடலைச் சாய்த்தே வண்டியைத் திருப்பலாம். அவரே 250 கிலோகிராம் வண்டியில் அமர்ந்தால் அவர் பங்கு ஐந்தில் ஒன்று. மழைக்காலத்தில் வழுக்கும் மண்பாதையில் வண்டி சரியத் தொடங்கினால் காலூன்றித் தாங்குவதும், விழுந்த வண்டியை ஒருவராக நிமிர்த்துவதும் கடினம். இறக்கத்தில் தடுக்கிகள் அடக்க வேண்டிய ஆற்றலும் மொத்த எடைக்கு ஏற்பக் கூடுகிறது.

எடை குறைந்த வண்டி சுமை தூக்காது என்பதும் சரியன்று. ஓசூரில் செய்யப்படும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கரட்டுப்பாதை வண்டி அன்று. 90 கிலோகிராமுக்கும் குறைந்த அவ்வண்டி 130 கிலோகிராம் வரை சுமை ஏற்குமாறு வடிவமைக்கப்பட்டது. வேகத்தையும் தாவும் ஆற்றலையும் விட்டுக்கொடுத்ததாலேயே அது இயன்றது.

காட்டுப்பகுதிகளும் கூடுதல் எடையும்

சில பாகங்கள் வண்டிக்காக அன்றிக் காட்டுக்காகச் சேர்க்கப்படுகின்றன. அமெரிக்கக் கூட்டரசுக் காடுகளில் ஓடும் விசையுந்துகளின் புகைபோக்கியில் தீப்பொறித் தடுப்பி கட்டாயம். கழிவுப்புகையுடன் வரும் சூடான கரித்துகள் காய்ந்த புல்லைப் பற்றவைக்கக்கூடும் என்பதே காரணம். கோடையில் புல்சரிவில் தீ எத்துணை விரைவாகப் பரவும் என்பதைக் குரங்கணி அறியும். 2018 மார்ச் 11 அன்று அங்குப் பரவிய காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் கொண்டுவரப்பட்டன. குரங்கணியில் இருந்து மேலேறும் வனப்பாதைகள் நடைபாதைகளே. எடை எவ்வளவு குறைந்ததாயினும், இசைவின்றி விசையுந்தைக் காப்புக்காட்டுக்குள் செலுத்துவது குற்றம் ஆகும்.